துப்பாக்கி கேட்டுப் போனவனுக்குச் சைக்கிள்

எனக்கு அப்போது 17 வயது. நாமக்கல் பக்கம் ஒரு கிராமம், வரலாமா வேண்டாமா என்று மீசையே இன்னும் யோசித்துக்கொண்டிருந்த பருவம். முப்படை அதிகாரிகளாகப் போகிறவர்களுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் (என்டிஏ) சேர யுபிஎஸ்சி நடத்தும் தேர்வில், கணக்குக்கு 300, பொதுத்திறனுக்கு 600 மார்க், எப்படியோ தப்பித்து பெங்களூரில் எஸ்எஸ்பி என்ற 5 நாள் நேர்முகத் தேர்வுக்கும் போனேன். அங்கே 12 படம் காட்டி ஒவ்வொன்றுக்கும் கதை எழுதச் சொல்வார்கள், கடைசிப் படம் வெறும் வெள்ளை, அதற்கு நாமே ஒரு படத்தைக் கற்பனை செய்ய வேண்டும். "சார், படம் தெரியலை" என்று கையைத் தூக்கியது நான் ஒருவன்தான். அதற்குப் பிறகும் என்னை எடுத்தார்கள், ஏன் என்று இன்றுவரை கேட்கவில்லை, கேட்டு வம்பை இழுப்பானேன்.

அப்பா லாரி ஓட்டுபவர். நாசிக், நாக்பூர் என்று போய்வந்ததில் கொஞ்சம் இந்தி தெரியும். ரயில் ஏற்றும்போது எனக்குக் கற்றுக்கொடுத்தது மூன்று: பானி, டயர் பஞ்சர், அச்சா ஜி, அதாவது சரிங்க. "எது கேட்டாலும் அச்சா ஜின்னு சொல்லு, பொழச்சுக்குவே" என்றார். அம்மா ஒரு தூக்கு நிறைய முறுக்கு கொடுத்தார்.

புனேவிலிருந்து அகாடமி இருக்கும் கடக்வாஸ்லாவுக்கு பஸ். ஏரி, மலை, சூடான் பிளாக் என்ற முக்கியக் கட்டடத்தின் பெரிய குவிமாடம், எல்லாம் பார்த்து நெஞ்சு விடைத்தது. இறங்கினவுடன் துப்பாக்கி தருவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். முதலில் முடியை எடுத்தார்கள், அப்புறம் ஒரு சைக்கிளைக் கொடுத்தார்கள். அங்கே வகுப்புக்கும் மைதானத்துக்கும் வரிசையாகச் சைக்கிளில்தான் போக வேண்டும். தப்பு செய்தால் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். முதல் டெர்மில் நான் ஓட்டியதைவிட அது என்மேல் ஏறிப் போனதுதான் அதிகம். முறுக்கு முதல் ராத்திரியே காலி, ஒன்றுகூட எனக்கு மிஞ்சவில்லை.

டிரில்தான் பெரிய கூத்து. கட்டளை எல்லாம் இந்தியில். தாஹினே முட் என்றால் வலப்பக்கம் திரும்பணும், பாயேன் முட் என்றால் இடப்பக்கம். நான் இரண்டுக்கும் ஒரே பக்கம் திரும்பி, பக்கத்தில் நின்ற அமராவதிநகர் சைனிக் பள்ளிப் பையனோடு மூக்கும் மூக்கும் இடிக்க நின்றேன். அவன் ஏற்கெனவே இதெல்லாம் பழகிவந்தவன், சிரிக்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டான். எல்லோரும் டக்கென்று நிற்க நான் மட்டும் நடந்துகொண்டே போன நாளும் உண்டு. 'தம்' என்றால் நில் என்று அர்த்தமாம். எங்கள் ஊரில் தம் என்றால் பீடி, சிகரெட். இவ்வளவு கண்டிப்பான இடத்தில் டிரில் சொல்லித்தரும் உஸ்தாத் எதற்கு இப்படிச் சத்தம் போட்டு தம் கேட்கிறார் என்று யோசித்தபடியே இருபது அடி தாண்டிவிட்டேன்.

உஸ்தாத் ஓடி வந்து என் முகத்துக்கு நேரே, "சோ ரஹே ஹோ க்யா?" என்றார். தூங்குகிறாயா என்று கேட்கிறார். எனக்குச் 'சோ' மட்டும்தான் காதில் விழுந்தது, சோறு தின்றாயா என்று பரிவாக விசாரிக்கிறார் போல என்று உருகிப்போய், "அச்சா ஜி!" என்றேன். அடுத்த அரை மணி நேரம் டிரில் ஸ்கொயர் முழுக்கக் குட்டிக்கரணம். அவர்கள் அதை ஃப்ரன்ட் ரோல் என்பார்கள், பெயர் மாறினாலும் முதுகில் கல் குத்துவது மாறாது.

மெஸ்ஸில் 2,000 பேருக்கு மேல் ஒரே நேரத்தில் சாப்பிடலாம். நான் பூரியை முள்கரண்டியால் குத்தினேன், அது பறந்து எதிரில் இருந்தவன் டீயில் விழுந்தது. வகுப்புகளும் உண்டு, முடிவில் டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழகப் பட்டம் தருவார்கள், நான் அங்கே கற்றது கண்ணைத் திறந்துவைத்துத் தூங்குவது.

டிரில் டெஸ்ட் பாஸ் ஆனால்தான் வெளியே விடுவார்கள். முதல் தடவை ஃபெயில். அதற்குப் பிறகு தினமும் ராத்திரி அந்த அமராவதிநகர் பையன் வராந்தாவில் நின்று கிசுகிசுவென்று கட்டளை சொல்ல, நான் சத்தம் வராமலிருக்க வெறும் சாக்ஸோடு நின்று, நடந்து, திரும்பிப் பழகினேன். இரண்டாம் தடவை பாஸ்.

டெர்ம் லீவில் ஊருக்கு வந்தேன். சேலம் பஸ் ஸ்டாண்டில் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடக்கிறேன், பின்னாலிருந்து ஒருவர், "தம்பி, தம் இருக்கா?" என்றார். என்னைக் கேட்காமலே காலிரண்டும் படார் படார் என்று தரையில் அறைந்து நின்றுவிட்டன. பெட்டி அவர் கால்மேல் விழுந்தது.