நாற்பது நிமிடப் பாடம் இருபது நிமிடமானால்

கற்பித்தல் பயிற்சிக்கு வரும் மாணவ ஆசிரியர்களுக்கு வழிகாட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. அவர்கள் எழுதிக்கொண்டு வரும் பாடக்குறிப்பில் பள்ளி எப்போதும் அமைதியாகவே இருக்கும். முழு நாற்பது நிமிடம் கிடைக்கும், எல்லாக் குழந்தைகளும் வந்திருப்பார்கள், பாதியில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். நிஜப் பள்ளியில் ஒத்திகை உண்டு, தடுப்பூசி போட வருபவர்கள் உண்டு, ஆசிரியர் ஒருவர் விடுப்பு எடுத்தால் அவர் வகுப்பையும் பக்கத்து அறையில் கொண்டுவந்து உட்கார வைப்பதும் உண்டு.

சமீபத்தில் மூன்று பேர் சேர்ந்து ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு எண்ணுதல் பாடம் ஒன்றைத் தயாரித்தார்கள். காலை நேரம் என்று சொல்லியிருந்தது, ஒத்திகையால் தள்ளிப் போனது, அப்புறம் மதிய இடைவேளைக்குப் பிறகு என்றார்கள், கடைசியில் இருபது நிமிடம்தான், அதுவும் இரண்டு வகுப்பும் சேர்ந்து. மூவரும் உடனே செய்தது எல்லாரும் செய்வதுதான்: பாட்டு நான்கு நிமிடம் என்றிருந்ததை இரண்டாக்கினார்கள், கதையைப் பாதியாக்கினார்கள், செயல்பாட்டைப் பாதியாக்கினார்கள், பயிற்சித்தாளையும் பாதியாகக் கிழிக்கலாமா என்று கேட்டார்கள்.

அப்படிக் குறைத்தால் ஒன்றுகூட உருப்படியாக நடக்காது என்றேன். இந்தப் பாடத்தில் குழந்தைக்கு நடந்தே ஆக வேண்டியது எது?

இந்த வயதிலும் சில குழந்தைகளிடம் ஏழு மூடிகளைக் கொடுத்தால், ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு ஒண்ணு, ரெண்டு என்று ஏழு வரை அழகாக எண்ணிவிடும். சரி, மொத்தம் எத்தனை என்று கேளுங்கள், மறுபடி ஒண்ணிலிருந்து தொடங்கும். எண்ணி முடித்த கடைசி எண்தான் மொத்த எண்ணிக்கை என்பது அந்தக் குழந்தைகளுக்கு இன்னும் பிடிபடவில்லை. உளவியலாளர்கள் கெல்மனும் கேலிஸ்டலும் 1978-இல் எண்ணுதலுக்கு ஐந்து நெறிகளை வகுத்தபோது இதையும் அவற்றில் ஒன்றாக வைத்தார்கள். இவர்களுடைய பாடக்குறிப்பில் இந்த இடத்துக்கு ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு வரி. கைப்பொம்மைக் கதைக்கோ அரைப் பக்கம்.

பொம்மைகளை விடச் சொன்னபோது ஒருத்தியின் முகம் வாடிவிட்டது, ராத்திரி கண்விழித்துத் தைத்தவள் அவள்தான். கையால் செய்த துணைக்கருவியை வெட்டுவதுதான் எப்போதுமே கஷ்டம், பாடத்துக்கு அது தேவையா என்ற கேள்வியே எழாமல் நாம் பட்ட பாடு கண்ணை மறைத்துவிடும்.

நேரம் குறையும்போது முதலில் பறிபோவது குழந்தை யோசிக்கும் நேரம். இதை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் பாடக்குறிப்பில் அதற்கென்று ஒரு கட்டமே கிடையாது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள். அவசரத்தில் அந்த ஒரு விநாடியும் போய்விடும், கேள்வியையும் பதிலையும் ஆசிரியரே சொல்லிவிட்டு அடுத்ததற்கு ஓடுவார். அதனால் எதை வெட்டுவதானாலும் முதலில் உங்கள் பேச்சிலிருந்து வெட்டுங்கள் என்றேன். இவர்களுக்கு ஐந்து நிமிடப் பாடம் ஒன்றும் புதிதல்ல, 1963-இல் ஸ்டான்ஃபோர்டில் உருவான நுண்ணிலைக் கற்பித்தலை, அதாவது ஒரே ஒரு திறனைச் சில நிமிடத்தில் சிறு குழுவுக்குக் கற்பித்துப் பார்ப்பதை, பயிற்சியில் செய்து பார்த்தவர்கள்தான். ஆனால் அதை மதிப்பெண்ணுக்கான சடங்காக நினைத்துவிட்டதால் இங்கே நினைவுக்கு வரவில்லை.

மிஞ்சியது இதுதான்: மூடிகள், ஒரு கைக்குட்டை. இரண்டு வகுப்பு சேர்ந்ததால் மூடிகள் போதாது, ஆகவே இருவருக்கு ஒரு செட். ஒருவர் எண்ண வேண்டும், எண்ணி முடித்ததும் மற்றவர் கைக்குட்டையால் மூடிவிட்டு எத்தனை என்று கேட்க வேண்டும். மூடிவிட்டால் திரும்ப எண்ண முடியாதே! நடுவில் யாராவது கதவைத் தட்டினால் குழந்தைகளின் கை என்ன செய்துகொண்டிருக்கும் என்பதையும் முன்பே பேசி வைத்தோம்: கையில் இருப்பதை வரிசையாக அடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தட்டினார்கள், ஏதோ பட்டியல் வாங்க. பெரிய சேதமில்லை.

ஒரு சிறுமி கைக்குட்டையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து உள்ளே இருந்ததை எண்ணத் தொடங்கினாள். பொம்மை தைத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டு பேசாமலே இருந்தாள். சிறுமி பாதியில் நிறுத்தி, "ஏழுதான் மிஸ், ஏற்கெனவே எண்ணிட்டேனே" என்றாள். இன்னொரு பையன் மூடிகளைத் தள்ளித் தள்ளிப் பரப்பிவிட்டு இப்போது நிறைய ஆகிவிட்டது என்றான். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே விவரித்த அதே விஷயம், இரண்டு முதல் ஏழு வயதுக் கட்டத்தில் பரப்பி வைத்தால் எண்ணிக்கை கூடிவிட்டதாகத் தோன்றும். பாடம் தோற்றுவிட்டதா என்று பிறகு கேட்டார்கள். இல்லை, அதை இன்றைக்கே சரிசெய்யப் போக வேண்டாம், குறித்து வையுங்கள் என்றேன்.

எனக்கு உள்ள குறை வேறு. டைம்டேபிளில் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் பயிற்சி ஆசிரியரின் பீரியட்தான் முதலில் போகிறது, ஆனால் மதிப்பீட்டுப் படிவமோ ஊக்குவித்தல் தொடங்கி வலுவூட்டல் வரை எல்லாப் படிகளும் நடந்ததா என்று கேட்கிறது. நான் அந்தக் கட்டங்களை நடந்தபடியே நிரப்புகிறேன், எதை ஏன் விட்டார்கள் என்பதைப் பின்பக்கத்தில் அவர்களையே எழுதச் சொல்கிறேன். இந்த மூவரும் அங்கே எழுதியது பாடக்குறிப்பைவிட நீளம். அலுவலகத்தில் அதைப் புரட்டிப் பார்ப்பார்களா என்பது சந்தேகம்தான்.