ஒரு முழு நிமிடம்

மெடிக்கல் வார்டில் எனக்கு அது நாலாவது மாதம். பதினொன்றாம் கட்டில் பாட்டிக்கு இதயம் பலவீனம், இரண்டு காலும் வீங்கியிருந்தன. தினமும் இதயத்துக்கு வலுவூட்டி, துடிப்பை மெதுவாக்கும் டிஜாக்சின் 0.25 மில்லிகிராம், கூடவே சிறுநீரைப் பெருக்கி வீக்கத்தை வடிக்கும் லாசிக்ஸ். மூன்று நாளாக இட்லியைத் தொடவே இல்லை. "சோத்தப் பாத்தாலே கொமட்டுது கண்ணு" என்றார். ஆஸ்பத்திரிச் சாப்பாடு பிடிக்கவில்லை போல என்று நினைத்து, வீட்டிலிருந்து ரசம் கொண்டுவரும்படி மருமகளிடம் சொன்னேன்.

மறுநாள் காலை மாத்திரையோடு போய் நின்றேன். "லைட்டெல்லாம் மாத்திட்டீங்களா சிஸ்டரம்மா? மஞ்சளாத் தெரியுதே" என்றார்.

வார்டில் எந்த விளக்கையும் மாற்றவில்லை.

ஸ்டெத்தை மார்பில் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது இந்த மருந்துக்கு ஆகாது. நடுவில் துடிப்பு தவறினால் கணக்கில் வராது. 48. அறுபதுக்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். ஈசிஜி எடுத்தோம். ரத்தத்தில் பொட்டாசியம் 2.9, மிகக் குறைவு. சிறுநீரகம் தளர்ந்ததைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். மருந்து கொடுக்கும்போது சரிபார்க்க வேண்டிய இந்த ஐந்தில் ஒன்றில்கூட நான் தவறவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. மாத்திரை அதேதான், பாட்டியின் உடம்புதான் மாறியிருந்தது. டிஜாக்சினைப் பெரும்பாலும் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. நல்ல சிறுநீரகம் இருந்தாலே உடம்பில் உள்ளதில் பாதி குறைய ஒன்றரை, இரண்டு நாள் ஆகும். சிறுநீரகம் தளர்ந்தால் நேற்றைய மாத்திரைமேல் இன்றையது சேர்ந்துகொண்டே போகும். லாசிக்ஸோ சிறுநீரோடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. இதயத் தசையில் பொட்டாசியமும் டிஜாக்சினும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை. பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்சினின் பிடி இறுகும். குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மருந்து மிஞ்சினால் வரும் குமட்டலையும் மஞ்சள் பார்வையையும், இந்த வகை மருந்து தரும் செடியை ஆராய்ந்த ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் 1785லேயே எழுதி வைத்துவிட்டார். நானும் தேர்வுக்குப் படித்ததுதான். பாட்டி சொன்னபோது அது நினைவுக்கு வரவில்லை.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் இப்போது மருந்தின் பெயரோடு மூன்று கேள்வி கேட்கிறேன்: எங்கே வேலை செய்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, அந்த வழி இந்த நோயாளிக்குத் திறந்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு கேஸ் ஷீட்டைப் புரட்டியே ஆக வேண்டும்.

மாத்திரையை நிறுத்தியும் குமட்டல் உடனே நிற்கவில்லை. பொட்டாசியத்தைச் சொட்டு சொட்டாக ஏற்றினோம். நாலாம் நாள் துடிப்பு 64. சட்னியில் உப்பில்லை என்று பாட்டி மருமகளைக் கடிந்துகொண்டிருந்தார்.