கரும்பலகையில் ஒரு சொல்

கல்லூரி மலருக்கு எழுதச் சொன்னார்கள். கிரிக்கெட்டைப் பற்றியும் விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் நண்பர்கள் எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது ஒரேயொரு சொல்: பியெத்தாஸ்.

1960களில் எங்கள் கல்லூரியில் இலத்தீன் படித்தவர்கள் ஏழு பேர்தான். இரண்டு வாங்கு, ஒரு கரும்பலகை, மழைக்கு ஒழுகும் ஒரு மூலை. அதுதான் வகுப்பு. ஒருநாள் பாதர் அந்தச் சொல்லை வெண்கட்டியால் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார். "இதுக்குத் தமிழ் சொல்லுங்கோ."

பக்தி என்றோம். பியுஸ் என்ற பெயர் கொண்ட பாப்பரசர்களைத் தமிழில் பத்திநாதர் என்றுதானே சொல்கிறோம் என்று கத்தோலிக்க மாணவன் ஒருவன் சான்றும் காட்டினான். பாதர் மறுக்கவில்லை. ஆனால் அது பிறகு வந்த கருத்து என்றார். பழைய உரோமனுக்குப் பியெத்தாஸ் என்பது மனம் உருகுவது இல்லை, செய்ய வேண்டியதைச் செய்து முடிப்பது. தெய்வத்துக்கு, பெற்றோருக்கு, பிறந்த மண்ணுக்கு, எல்லாவற்றுக்கும் அதே சொல். கி.மு. 191இல் ஒரு தளபதி போர்க்களத்தில் பியெத்தாஸ் தேவதைக்குக் கோயில் கட்டுவதாக நேர்ந்தார். பத்து வருடம் கழித்து அதை உரோமில் திறந்து வைத்தது அவருடைய மகன். தகப்பன் வைத்த நேர்த்தியை மகன் தீர்த்த கதை எங்கள் ஊருக்குப் புதிதில்லையே.

பிறகு பாதர் உரோமக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்துக்கு வந்தார். துரோய் நகரம் எரிகிறது. காவிய நாயகன் ஏனெயாஸ் நடக்க ஏலாத தகப்பனைத் தோளில் தூக்குகிறான். சின்ன மகன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டி நடக்கிறான். வீட்டுத் தெய்வங்களை மட்டும் ஏனெயாஸ் தொடவில்லை. சண்டையில் இரத்தம் பட்ட கை, ஓடுகிற தண்ணீரில் கழுவும்வரை தொடக்கூடாது. ஆகவே "நீங்கள் வைத்திருங்கோ" என்று தகப்பனிடம் கொடுக்கிறான். பாதர் இதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார், நாங்கள் விடவில்லை. துடக்கு என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை அந்த அறையில் இருக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தச் சொல் வந்தது. "பாதர், கடன் எண்டு சொல்லலாமோ?"

"ஏன்? சொல்லும் தம்பி."

செத்தவர்களுக்குச் செய்வதை நீத்தார் கடன் என்கிறோம், அப்பர் சுவாமிகளும் 'என் கடன் பணிசெய்து கிடப்பதே' என்று பாடியிருக்கிறார் என்றேன். அதற்கு முந்திய வரி என்ன என்று கேட்டார். 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்.'

பாதர் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டார். மரித்தோர் பூசையில் பாடும் 'தியெஸ் ஈரே' பாட்டில் இறைவனை 'பியெத்தாஸின் ஊற்றே' என்று கூப்பிட்டு, என்னைக் காப்பாற்றும் என்று மன்றாடுகிறார்களே, கவனித்திருக்கிறீரா என்று கேட்டார். உரோமன் தெய்வத்துக்குச் செலுத்தியது, அந்தப் பாட்டில் தெய்வம் மனிதனுக்குக் காட்டும் இரக்கமாகிவிட்டது. மகனின் உடலை மடியில் கிடத்தியிருக்கும் மாதா சிலையை இத்தாலியர் பியெத்தா என்பதும் அந்த இரக்கத்தால்தான். ஆங்கிலத்தில் அது பயட்டி, பிட்டி என்று இரண்டு சொல்லாகவே பிரிந்துபோயிற்று. "உம்மட அப்பர் ரெண்டையும் ஒரே பாட்டிலை வைச்சிட்டார்" என்றார். பலகையில் பியெத்தாஸுக்குப் பக்கத்தில் கடன் என்று தன் கையாலேயே எழுதினார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பரிசுகளில் அதைவிடப் பெரியது இல்லை.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, யாழ்ப்பாணத்து வலிகாமம் சனம் முழுவதும் போருக்குப் பயந்து பக்கத்துத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது நான் ரொறன்ரோவில் இருந்தேன். மூத்த மகன் நான், ஆனால் ஐயாவைக் கொண்டுபோனது தம்பி. சைக்கிள் கரியரில் ஐயாவை இருத்தி, மழைக்குள்ளே நாவற்குழிப் பாலம் கடக்கும்வரை தள்ளிக்கொண்டே போயிருக்கிறான். எத்தனையோ மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசக் கிடைத்தது. வீட்டிலிருந்து என்ன எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"சாமியறையிலை இருந்த முருகன் படம் மட்டும்தான் அண்ணா. எனக்குச் சைக்கிள் பிடிக்க ரெண்டு கையும் வேணும். ஐயாதான் மடியிலை வைச்சிருந்தவர்."