கணைக்கால் வலியிலிருந்து மீண்டு வந்த 12 வாரம்

ஓட ஆரம்பித்து மூன்றாவது மாதம். தொடக்கத்தில் 2 கிலோமீட்டருக்கே மூச்சு வாங்கிய நான், 6 கிலோமீட்டரைப் பேசிக்கொண்டே ஓடி முடித்தேன். அந்த சந்தோஷத்தில் வாரத்துக்கு 12 கிலோமீட்டராக இருந்ததை இரண்டே வாரத்தில் 25 ஆக்கினேன். ஓய்வு நாளையும் விட்டுவிட்டேன்.

வலது காலில், முழங்காலுக்குக் கீழே, உள்பக்க எலும்பை ஒட்டி ஒரு கடுப்பு வந்தது. ஓட ஆரம்பிக்கும்போது இருக்கும், ஒரு கிலோமீட்டர் தாண்டினால் மறைந்துவிடும். மறைகிறதே என்று தொடர்ந்து ஓடினேன். நான் செய்த பெரிய தவறு இதுதான். உடம்பு சூடானதும் அடங்கும் வலியைக் குணமாகிவிட்டதாக நினைக்கக் கூடாது. பத்து நாளில் ஓடி முடித்த பிறகும் வலித்தது. அப்புறம் காலையில் படி இறங்கும்போதே வலித்தது. புது ஷூ வாங்கிப் பார்த்தேன், வலி அப்படியே இருந்தது. ஐஸ் வைத்தால் அரை மணி நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

பிசியோதெரபிஸ்ட் கட்டைவிரலால் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி எலும்பின் உள் விளிம்பை அழுத்திக்கொண்டே வந்தார். "ஒரே புள்ளியில் வலிக்கிறதா, நீளமாகவா?" என்று கேட்டார். ஒரு விரல் நீளத்துக்கு வலித்தது. அப்படியென்றால் பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட்ஸ், அதாவது அதிகச் சுமையால் கணைக்கால் எலும்பின் உள் விளிம்பை ஒட்டி வரும் வலி என்றார். ஒரே இடத்தில் தொட்டாலே சுள்ளென்று வலித்தால், படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அது ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும். அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் வலியோடு ஓட வேண்டாம்.

அடுத்து, கடைசி ஆறு வாரம் எவ்வளவு ஓடினேன் என்று கேட்டு எழுதிக்கொண்டார். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் ஆகும். எலும்பு ஓட்டத்தின் சுமையில் கொஞ்சம் தேய்ந்து, ஓய்வில் தன்னைக் கட்டிக்கொள்கிறது. கட்டி முடிப்பதற்குள் அடுத்த சுமையை ஏற்றினால் வலிதான் மிச்சம். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துவது, படி இறங்கும்போது முழங்கால் சிப்பியைச் சுற்றி வலிப்பது போன்றவற்றுக்கும் பல நேரம் இதே அவசரம்தான் காரணம் என்றார்.

மூன்று வாரம் ஓட்டமே இல்லை. சைக்கிளும் நீச்சலும் மட்டும். கூடவே, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி. முதல் நாள் இடது கால் 22 முறை செய்தது. வலது கால் ஒன்பதிலேயே நடுங்கி நின்றுவிட்டது. தரையில் கால் இறங்கும் அதிர்ச்சியைக் கெண்டைக்கால் தசை தாங்க வேண்டும், அது சோர்ந்தால் சுமை எலும்புக்குப் போகும் என்று அவர் சொன்னது அந்த நடுக்கத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஒரு நாள் முழங்காலை நேராக வைத்து, ஒரு நாள் லேசாக மடக்கி என்று மாற்றி மாற்றிச் செய்தேன். மடக்கும்போது உள்ளே இருக்கும் ஆழமான தசைக்கு வேலை.

அரை மணி நேர வேக நடையும் ஒற்றைக்கால் குதிப்பும் வலியில்லாமல் முடிந்த பிறகுதான் ஓட அனுமதி கிடைத்தது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். காலை நீளமாக எட்டி வைக்காமல் குட்டி அடிகளாக ஓடப் பழகினேன். வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்து, மூன்றுக்கு மேல் போனால் நிறுத்த வேண்டும். ஆனால் உண்மையான பரீட்சை மறுநாள் காலைதான். எழுந்ததும் வலி கூடியிருந்தால் முந்தைய கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். ஏழாவது வாரத்தில் ஒருமுறை அப்படித் திரும்பினேன். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் திரும்பினேன்.

12வது வாரம் 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடினேன். மறுநாள் காலை எலும்பு விளிம்பை அழுத்திப் பார்த்தேன், வலி இல்லை. குதிகால் உயர்த்தலில் இப்போது இடது 25, வலது 21. இரண்டும் சமமாகும் வரை வாரத்துக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டுவதாக இல்லை.