ஹைகேட் கல்லறையிலிருந்து ஹேண்ட்ஸ்வொர்த் வரை

பயணப் பையை இன்னும் பிரிக்கவில்லை. அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். மார்க்ஸின் கல்லறையைப் பார்க்க லண்டன் போகிறவர்கள் பர்மிங்ஹாமுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துவிடுங்கள். அங்கே போகாமல் ஊர் திரும்பினால், மார்க்சியம் பண்பாட்டை நோக்கி நகர்ந்த கதையில் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள். செலவு, வழி, தங்குமிடம், சாப்பாடு என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். இயன்றவரை அந்த வரிசையிலேயே போகப் பார்க்கிறேன்.

முதலில் ஹைகேட். ஆர்ச்வே சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி, மேடேறி, வாட்டர்லோ பூங்கா வழியாக நடந்தால் கிழக்குக் கல்லறைத் தோட்டம் வந்துவிடும். நுழைவுக் கட்டணம் நம் பணத்தில் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. ஓர் அறக்கட்டளை பராமரிக்கும் இடம், மரங்களையும் கற்களையும் காப்பாற்றக் காசு வேண்டும் என்பதால் மனத்தாங்கல் இல்லாமல் கொடுத்தேன். 1883 மார்ச்சில் மார்க்ஸை அடக்கம் செய்தபோது கூடியிருந்தவர்கள் ஒரு டஜன் பேர்கூடத் தேறமாட்டார்கள். இன்று நாம் பார்க்கும் பெரிய வெண்கலத் தலை 1956இல் திறக்கப்பட்டது. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் கல்லைக் குனிந்து படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. எனக்குக் கோபமே வந்தது.

அது கிளாடியா ஜோன்ஸின் கல். டிரினிடாடில் பிறந்தவர், கம்யூனிஸ்ட் என்பதற்காக அமெரிக்கா சிறையில் அடைத்து நாடு கடத்தியவர். லண்டன் வந்து 1958இல் கரீபிய மக்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். அதே ஆண்டு நாட்டிங் ஹில்லில் கறுப்பின மக்களை வெள்ளைக் கும்பல்கள் தாக்கின. சில மாதங்களில், 1959 ஜனவரியில், செயின்ட் பாங்க்ராஸ் நகர மண்டபத்தில் அவர் ஒரு கரீபியத் திருவிழாவையே நடத்திக்காட்டினார். அடிபட்ட மக்கள் தலைநிமிரப் பாட்டும் கூத்தும் வேண்டும் என்று ஒரு கம்யூனிஸ்ட் முடிவு செய்தார். மார்க்சியம் எப்போது பண்பாட்டுப் பக்கம் திரும்பியது என்று கேட்பவர்கள் இந்தக் கல்லின் முன் வந்து நிற்கட்டும். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலும் இதே கிழக்குத் தோட்டத்தில்தான் இருக்கிறார். ஜமைக்காவில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 2014இல் மறைந்தவர். என் பயணத்தின் மீதி முழுவதும் அவர் வேலை செய்த பர்மிங்ஹாமைத் தேடிப் போனதுதான்.

அந்த ஊருக்குப் போன பஸ்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். விக்டோரியாவிலிருந்து பர்மிங்ஹாமின் டிக்பெத் பஸ் நிலையத்துக்கு ரயிலைவிடப் பல மடங்கு மலிவாக டிக்கெட் கிடைத்தது. அந்த மகிழ்ச்சி லண்டன் எல்லையைத் தாண்டும்வரைகூட நிலைக்கவில்லை. வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. கழிப்பறைக் கதவு மூட மறுத்து, ஒவ்வொரு வளைவிலும் அடித்துக்கொண்டே வந்தது. நாற்றம் முன் இருக்கை வரை. நெடுஞ்சாலையில் எங்கோ விபத்து என்று வண்டி அசையாமல் நின்றது. ஓட்டுநர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மணி நேரப் பயணம் ஐந்து மணி நேரமாக நீண்டது. மழையில் இறங்கினால், எட்டுப் பவுண்டு என்று சொல்லி ஏற்றிக்கொண்ட டாக்சிக்காரர் விடுதி வாசலில் பதினைந்து கேட்டார். இரவு, மழை, பெண், வெளியூர்க்காரி என்று கணக்குப் போட்டிருக்கிறார். வாசலிலேயே நின்று வாதாடினேன். பத்துக்கு மேல் ஒரு காசு கொடுக்கவில்லை. அந்த இரண்டு பவுண்டை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

மறுநாள் காலை நியூ ஸ்ட்ரீட் நிலையத்தில் ஏறினால் சில நிமிடங்களில் பல்கலைக்கழக நிலையம். நூறு மீட்டர் உயர மணிக்கூண்டு எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. நான் தேடிப் போனது அதன் அழகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மியூர்ஹெட் டவர் என்ற கான்கிரீட் கட்டடத்தை.

1964இல் ஆங்கிலப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹோகார்ட் இந்தப் பல்கலைக்கழகத்தில் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கினார். லீட்ஸ் நகரத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்தவர். பென்குயின் பதிப்பகத்தின் ஆலன் லேன் பணம் கொடுத்தார். ஹோகார்ட் மார்க்சியர் அல்லர். அவர் அழைத்து வந்த ஸ்டூவர்ட் ஹால்தான் 1968 முதல் 1979 வரை மையத்தை நடத்தி, மார்க்ஸின் கேள்விகளை அங்கே மையப்படுத்தினார். ஆலையும் கூலியும் சுரண்டலும் கண் முன்னால் இருக்கும்போது, தொழிலாளி ஏன் முதலாளியின் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறான்? ‘ஏமாந்துவிட்டான்’ என்பது சோம்பேறிப் பதில். இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்சி சிறையில் எழுதிய குறிப்பேடுகளின் தேர்வு 1971இல் ஆங்கிலத்தில் வந்தது. ஆளும் வர்க்கம் தடியால் மட்டும் ஆள்வதில்லை, மக்களின் அன்றாடப் பொதுப்புத்திக்குள் இடம்பிடித்து அவர்களின் ஒப்புதலோடு ஆள்கிறது என்ற கிராம்சியின் பார்வையைப் பர்மிங்ஹாம்காரர்கள் பற்றிக்கொண்டார்கள். அப்படியானால் தொலைக்காட்சி, பாப் இசை, பெண்கள் பத்திரிகை, பள்ளிக்கூடம் எல்லாமே வர்க்கப் போராட்டம் நடக்கும் களங்கள்தானே!

மையம் ஒரு காலத்தில் இதே கட்டடத்தின் மேல் தளம் ஒன்றில் இருந்தது. இப்போது அதன் ஆவணங்கள் இதே கட்டடத்தின் அடித்தளத்தில், காட்பரி ஆய்வு நூலகத்தில் இருக்கின்றன. ஒரு பைசா கட்டணம் கிடையாது. என் பயணத்தின் மிகச் சிறந்த பொழுது அங்கேதான் கழிந்தது. நம் ஊர்ச் சிற்றிதழ்க்காரர்களும் கட்சித் தோழர்களும் சைக்ளோஸ்டைல் செய்து கைக்குக் கை கொடுத்தார்களே, அதே போன்ற தாள்களில் மையத்தின் கட்டுரைகள்! உலகப் பல்கலைக்கழகங்கள் இன்று பாடமாக வைத்திருக்கும் சிந்தனை, காசில்லாதவர்களின் அச்சில் வெளிவந்திருக்கிறது. 1973இல் ஹால் தொலைக்காட்சி பற்றி எழுதிய கட்டுரையும் அப்படி வந்ததுதான். செய்தியைத் தயாரிப்பவர் ஒரு பொருளை ஏற்றி அனுப்புகிறார். பார்ப்பவர் அதை அப்படியே ஏற்கலாம். பாதியை ஏற்றுத் தன் வாழ்க்கையோடு பொருத்திப் பேரம் பேசலாம். அடியோடு எதிர்த்தும் வாசிக்கலாம். நாட்டு நலனுக்காகக் கூலி உயர்வு கூடாது என்ற செய்தியைத் தலையாட்டிக் கேட்கும் அதே தொழிலாளி, தன் ஆலையில் வேலைநிறுத்தத்துக்குக் கையும் தூக்குவான் என்கிறார் ஹால். ரசிகர்களை மந்தை என்று திட்டும் நம் அறிவாளிகளுக்கு இதை வாசித்துக் காட்ட ஆசை.

இங்கே நமக்கு ஒரு சொந்தமும் இருக்கிறது. இதே பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்தவர் ஜார்ஜ் தாம்சன், மார்க்சியர். ஏதென்ஸின் நாடகத்தை அந்தச் சமூகத்தின் உற்பத்தி உறவுகளோடு சேர்த்துப் படித்தவர். யாழ்ப்பாணத்துத் தமிழ்த் திறனாய்வாளர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் அவரிடம்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்தார்கள். சங்க வீரயுகப் பாடல்களைக் கிரேக்கப் பாடல்களோடு வைத்துப் பார்த்த ஆய்வும், பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய ஆய்வும் இந்த வளாகத்தில் எழுதப்பட்டவை. ஒரு பக்கம் பண்பாட்டு ஆய்வு மையம் தொடங்கிய அதே பத்தாண்டில், இன்னொரு பக்கம் புறநானூறு மார்க்சியக் கண்ணோடு படிக்கப்பட்டிருக்கிறது. மணிக்கூண்டின் கீழ் நின்று இதை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். 74ஆம் எண் பஸ்ஸில் ஹேண்ட்ஸ்வொர்த் போய் சோஹோ சாலையில் இறங்குங்கள். அங்கே குருத்வாராவின் லங்கரில், அதாவது இலவசப் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில், ரொட்டி, பருப்பு, காய், பாயசம். யார் என்ன என்று கேட்காமல் பரிமாறுகிறார்கள். “உட்கார் மகளே, இன்னும் ஒரு ரொட்டி” என்று என்னைத் திரும்ப உட்கார வைத்தார் ஒரு பஞ்சாபிப் பெரியவர். வார்ப்பாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். இந்தப் பயணத்திலேயே வயிறும் மனமும் நிறைந்தது அங்கேதான். உண்டியலில் போட்ட காசைச் செலவுக் கணக்கில் எழுதவில்லை.

1972 நவம்பரில் இதே ஹேண்ட்ஸ்வொர்த்தில் ஒருவரைச் சிறுவர்கள் மூவர் கொடூரமாகத் தாக்கினார்கள். பறிபோனது முப்பது பென்ஸ், சாவிகள், ஐந்து சிகரெட். அவர்களில் ஒருவனுக்கு இருபது ஆண்டு, மற்ற இருவருக்குப் பத்துப் பத்து ஆண்டு தண்டனை. பத்திரிகைகள் கறுப்பின இளைஞர்களையே ஒரு புதிய குற்றத்தின் முகமாக்கின. ஹாலும் நான்கு தோழர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்து 1978இல் ஒரு பெரிய நூல் எழுதினார்கள். பொருளாதாரம் தள்ளாடும்போது, தன் பிடி நழுவுவதை உணரும் அரசு சட்டம்-ஒழுங்கு பயத்தை வளர்த்து ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறது என்பது அதன் சாரம். மறு ஆண்டே தாட்சர் ஆட்சிக்கு வந்தார். இதைவிடக் கூர்மையான அரசியல் வாசிப்பு நான் அறிந்து வேறில்லை.

பெரியவர் சொல்லித்தான் ஸ்மெதிக் போனேன். 1964 தேர்தலில் அப்பட்டமான நிறவெறி முழக்கம் தெருத்தெருவாக ஒலித்த தொகுதி. அங்கே மார்ஷல் தெருவில் காலியாகும் வீடுகளை வாங்கி வெள்ளையருக்கு மட்டும் கொடுக்க நகராட்சி முயன்றது. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அழைப்பில் 1965 பிப்ரவரி 12 அன்று அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்தத் தெருவில் நடந்தார். ஒன்பது நாளில் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதாரணச் செங்கல் வீடுகள், அவர் வந்ததைச் சொல்லும் ஒரு நீலப் பலகை, அவ்வளவுதான். அந்தத் தேர்தல் நடந்தது மையம் பிறந்த அதே ஆண்டில், சில மைல் தொலைவில். பண்பாட்டுக் கோட்பாடு வர்க்கத்திலிருந்து தப்பி ஓடியவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்லும் தோழர்கள் இந்தத் தெருவில் ஒரு முறை நடக்க வேண்டும். வர்க்கம் என்ற சொல்லே இல்லாமல் சினிமாச் சுவரொட்டியை நாற்பது பக்கம் அலசுபவர்களும் உடன் வரட்டும்.

அந்த மையத்தின் வாரிசாக இருந்த துறையைப் பல்கலைக்கழகம் 2002இல் மூடிவிட்டது. ஆய்வுத் தர மதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்ததாம். மாணவர்களும் உலகெங்குமிருந்து ஆய்வாளர்களும் எதிர்த்தும் பயனில்லை. வெட்கக்கேடு என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு லேடிபூல் சாலை. சமைத்த இரும்புச் சட்டியிலேயே கொதிக்கக் கொதிக்க வரும் பால்ட்டிக் கறி, இந்த ஊரின் பாகிஸ்தானியக் குடியேறிகள் 1970களில் உருவாக்கியது. ஒரு நானை இருவர் பங்கிட்டாலும் மிஞ்சும். தனியாகப் போகிறவர்கள் சின்னதாகக் கேளுங்கள், காசு மிச்சம். ஊருக்குள் சுற்ற நாள் முழுவதுக்குமான பஸ் டிக்கெட் போதும். டிக்பெத்தில் இரவில் இறங்கினால் டாக்சி வேண்டாம், விடுதியை நடந்து போகும் தூரத்தில் பிடியுங்கள். நூலகத்துக்கு வார நாளில் போங்கள். முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்து, அடையாள அட்டையும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். 1970களின் சைக்ளோஸ்டைல் தாள்களை முதலில் கேளுங்கள், மற்றவை பிறகு.