ஒரு பாஸ்பேட் தொகுதியும் நம் நினைவும்

உயிரியல் அறிமுகப் பாடநூல்கள் பெரும்பாலானவற்றில் அணு, அயனி, பிணைப்பு ஆகியவை முதல் பாடமாக வருகின்றன. கற்றலும் நினைவாற்றலும் நரம்பு மண்டலத்தை ஒட்டி நூலின் கடைசிப் பகுதியில் வருகின்றன. முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் எனக்கு இந்த இடைவெளி நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. முதல் பாடத்தைத் தேர்வுக்காகப் படித்து ஒதுக்கிவைத்த மாணவர்கள், நினைவாற்றலைப் பற்றிப் படிக்கும்போது அதே பாடத்தின் தொடர்ச்சியைத்தான் படிக்கிறோம் என்பதை அறியாமலே தேர்வை எழுதி முடித்துவிடுகிறார்கள்.

இந்தத் தொடர்பைக் காட்டுவதற்குக் கடல் முயல் எனப்படும் அப்ளிசியாவை விடப் பொருத்தமான உயிரினம் எனக்குத் தெரியவில்லை. நத்தை இனத்தைச் சேர்ந்த இந்தக் கடல்வாழ் உயிரியின் நரம்பு மண்டலத்தில் சுமார் 20,000 நியூரான்களே (நரம்புச் செல்களே) உள்ளன. மனித மூளையிலோ ஏறத்தாழ 8,600 கோடி. அப்ளிசியாவின் நியூரான்களில் சில ஒரு மில்லிமீட்டர் விட்டம் வரை பெரியவை என்பதால், எந்த நியூரான் எதனுடன் இணைகிறது என்பதை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து அறிய முடியும். 1929இல் வியன்னாவில் பிறந்து, நாஜிகளின் பிடியிலிருந்து தப்பி, சிறுவனாக அமெரிக்கா சென்று சேர்ந்த எரிக் கேண்டல், மூளையைப் புரிந்துகொள்ள இந்த எளிய உயிரினத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை ஆர்விட் கார்ல்சன், பால் கிரீன்கார்டு ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

அப்ளிசியாவின் உடலில் நீரை வெளியேற்றும் குழாயை மெதுவாகத் தொட்டால், அது தன் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாலில் ஒரு மின் அதிர்ச்சி கொடுத்த பிறகு அதே அளவு மெதுவாகத் தொட்டாலும், செவுள் முன்னைவிட வேகமாகவும் நெடுநேரமும் சுருங்கும். சில நிமிடங்கள் நீடிக்கும் இந்த மாற்றமும் ஒரு நினைவுதான்.

அந்த நிமிடங்களில் நடப்பது முழுக்க வேதியியல். வாலில் பட்ட அதிர்ச்சியால், தொடு உணர்வைக் கடத்தும் நியூரானின் மீது செரடோனின் என்ற வேதித் தூதுப்பொருள் சுரக்கிறது. அதன் விளைவாக உள்ளே ஒரு நொதி விழித்தெழுந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறிலிருந்து, பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு பாஸ்பேட் தொகுதியை எடுத்துப் புரதத்தின் மீது ஒட்டுகிறது. புரதம் தன் வடிவத்தைப் பெரிதும் ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெல்லிய ஈர்ப்புகளால் தாங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்மின் சுமை மிகுந்த பாஸ்பேட் ஓரிடத்தில் வந்து அமர்ந்ததும் அருகிலுள்ள ஈர்ப்புகளும் விலக்கங்களும் மாறி, புரதத்தின் வடிவமே மாறுகிறது. இதனால் பொட்டாசியம் அயனிகள் வெளியேறும் வாயில்களில் சில மூடிக்கொள்கின்றன. பொட்டாசியம் வெளியேறத் தாமதமாவதால் நரம்புத் துடிப்பு சற்று நீள்கிறது, அந்தக் கூடுதல் நேரத்தில் கால்சியம் அதிகமாக உள்ளே நுழைகிறது, அடுத்த நியூரானுக்குச் செய்தி சொல்லும் பொருளும் அதிகமாக வெளியாகிறது. பாஸ்பேட் புரதத்துடன், எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பால் இணைந்திருப்பதால் தானாக உதிர்வதில்லை. வேறொரு நொதி வந்து அதை நீக்கும் வரை அந்த மாற்றம் நிலைக்கிறது. சகப்பிணைப்பு வலிமையானது என்று முதல் பாடத்தில் மனப்பாடம் செய்த வரிக்கு இதைவிட உயிருள்ள விளக்கத்தை நான் கண்டதில்லை.

அதிர்ச்சியை இடைவெளி விட்டு நான்கைந்து முறை கொடுத்தால் நினைவு நாள்கணக்கில் நீடிக்கும். அப்போது அந்த நொதி செல்லின் உட்கருவுக்கே சென்று, மரபணுக்களை இயக்கும் புரதங்களின் மீதும் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. புதிய புரதங்கள் உருவாகி, புதிய நரம்பு இணைப்புகள் முளைக்கின்றன. தொடு உணர்வு நியூரான் ஒன்றில் சுமார் 1,300ஆக இருந்த இணைப்பு முனைகள் இவ்வகைப் பயிற்சிக்குப் பின் சுமார் 2,700 ஆயின. புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் குறுகிய கால மாற்றம் அப்படியே இருக்க, நீண்ட கால மாற்றம் மட்டும் உருவாவதில்லை.

நத்தைக்குப் பொருந்துவது பாலூட்டிகளுக்கும் பொருந்துமா என்று மாணவர்கள் கேட்பது நியாயமானதே. 1973இல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ இருவரும், முயலின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் விரைவான மின்தூண்டலுக்குப் பின் நரம்பு இணைப்புகள் மணிக்கணக்கில் வலுப்பட்டிருப்பதை வெளியிட்டனர். இவ்வாறு வலுப்படுவதில் பெரும்பங்கு வகிக்கும் என்எம்டிஏ ஏற்பி என்ற, நியூரானின் மேற்பரப்பிலுள்ள புரதத்தின் துளையை, இரு நேர்மின் சுமை கொண்ட மெக்னீசியம் அயனி ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. செல்லின் உட்புறம் எதிர்மின் நிலையில் இருக்கும்வரை அது அங்கேயே ஈர்க்கப்பட்டு நிற்கும். வலுவான தூண்டலால் உட்புறத்தின் எதிர்மின் நிலை குறைந்தால் விலகிவிடும், கால்சியம் உள்ளே பாயும்.

அந்தக் கால்சியம் தூண்டிவிடும் நொதி ஒன்று, மற்றப் புரதங்களோடு தனக்கும் பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டு, கால்சியம் குறைந்த பிறகும் தொடர்ந்து இயங்குகிறது. பாஸ்பேட் ஒட்டும் இடம் அந்த நொதியின் 286ஆவது அமினோ அமிலமான திரியோனின். 1998இல் வெளியான ஆய்வொன்றில், எலிகளின் மரபணுவை மாற்றி அந்த ஒரு திரியோனினுக்குப் பதிலாக அலனின் என்ற வேறொரு அமினோ அமிலத்தை வைத்தார்கள். திரியோனினில் உள்ள, பாஸ்பேட் பற்றிக்கொள்ளும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதி அலனினில் கிடையாது. அந்த எலிகள் மற்றபடி நன்றாகவே நீந்தின. ஆனால் நீர்த்தொட்டியில் மறைந்திருந்த மேடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அவற்றால் கற்றுக்கொள்ள முடியவில்லை.