மைக்கில் தொடங்கி கேமராவில் முடியும் பட்டியல்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டு மாணவர்கள் குறும்பட பட்ஜெட்டைக் காட்டி யோசனை கேட்கும்போது, முதல் வரியில் கேமரா வாடகையும் கடைசி வரியில் ‘மைக்’ என்ற ஒற்றைச் சொல்லும் இருப்பதையே பெரும்பாலும் காண்கிறேன். அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒலிப்பதிவின் தேவை விளக்குகளைத் தீர்மானிக்கிறது. விளக்குகள் கேமராவைத் தீர்மானிக்கின்றன.

சென்னையில் ஒரு வாடகை வீட்டு அறையில், மே மாதத்தில், இருவர் பேசும் காட்சி என்று வைத்துக்கொள்வோம். டப்பிங்குக்குப் பணமும் ஸ்டூடியோ நேரமும் இல்லாதவர்கள் நேரடியாகத்தான் ஒலியைப் பதிய வேண்டும். அதற்கு மின்விசிறியையும் ஏசியையும் அணைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியையும் அணைத்து, படப்பிடிப்பு முடிந்த பிறகு அதை மீண்டும் போட மறக்காமலிருக்க, வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம். விசிறி நின்ற அறையில் 1 கிலோவாட் டங்ஸ்டன் விளக்கை எரியவிட்டால் நடிகரின் ஒப்பனை நெடுநேரம் தாங்காது. ஆகவே எல்இடி. அதிலும், ஆற்றல் மிகுந்த எல்இடி விளக்குகள் பலவற்றில் குளிர்விக்கும் சிறு விசிறி உள்ளே ஓடும். அதன் இரைச்சல் எவ்வளவு என்பதை வாடகைக் கடையிலேயே காதைக் கொடுத்துக் கேட்டுவிடுவது நல்லது.

மைக்கைப் பொறுத்தவரை, ஷாட்கன் (முன்னாலிருந்து வரும் ஒலியை மட்டும் குறிவைக்கும் நீள்குழாய் மைக்) இருந்தால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வெளிப்புறத்தில் அது சிறந்ததே. ஆனால் வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள சிறிய அறையில், பக்கவாட்டிலிருந்து திரும்பி வரும் எதிரொலியை அதன் நீள்குழாய் சரியாகக் கையாளாததால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். அங்கே, முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும், நீள்குழாய் இல்லாத ஹைப்பர்கார்டியாய்ட் மைக்கோ, சட்டைக்குள் பொருத்தும் காலர் மைக்கோ மேல். ஜமக்காளத்தையும் கம்பளியையும் தரையில் விரிப்பது அதைவிட மேல். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில், குரலின் உச்சம் ரெக்கார்டர் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்குமாறு பதிவு செய்யுங்கள். ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் ஒலியை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்கில் வசனங்களுக்கு இடையிலுள்ள ஓட்டைகளை அடைக்க அதைத்தான் தேடுவீர்கள். பூம் (மைக் பொருத்திய நீண்ட கம்பு) பிடிக்க, கை வலிக்கிறது என்று மைக்கைத் தாழ்த்திவிடாத ஒருவரை அதற்கென்றே நியமிப்பது அவசியம்.

ஒளிக்கு 200 வாட் எல்இடி ஒன்று, அதன் முன்னே கட்ட, ஒளியை மென்மையாக்கும் ஸ்கிம்மர் துணி, எதிர்ப்பக்கத்தில் ஒளியைத் திருப்பியடிக்க ஒரு தெர்மோகோல் அட்டை ஆகியவை இருந்தால் அறைக் காட்சிகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிடலாம். விளக்கின் தூரத்தை இருமடங்காக்கினால் வெளிச்சம் கால்பங்காகக் குறையும் என்பதை நினைவில் கொண்டால், கூடுதல் விளக்கு கேட்பதற்கு முன் ஸ்டாண்டை நகர்த்திப் பார்ப்பீர்கள். வீட்டு ட்யூப் லைட்டுகளை அணைத்துவிடுவது நல்லது. எரிந்தே தீர வேண்டுமானால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டரை 1/50 நொடியில் வைத்தால் மினுக்கல் தெரியாது.

இவ்வளவும் முடிவான பிறகுதான் கேமரா. இப்படி ஒளியமைத்த அறைக்குச் சில ஆண்டுகள் பழைய மிரர்லெஸ் கேமராவே போதும். தெருவிளக்கை மட்டும் நம்பி இரவுக் காட்சி எடுப்பவர்களுக்குத்தான் சோனி ஏ7எஸ் 3 போன்ற, குறைந்த ஒளியில் வல்ல கேமராவுக்கான வாடகை நியாயமாகும். பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே அழகான படம் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதன் சிறிய பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்பது அரிது, புரோரெஸ் எச்க்யூ என்ற உயர்தர வீடியோ வடிவத்தில் 4கே எடுத்தால் நிமிடத்துக்கு 5 ஜிபிக்கு மேல் தின்னும். ஹார்ட் டிஸ்க் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். லென்ஸில் மிச்சம் பிடிக்க 50 எம்எம் ஒன்றோடு நிற்க வேண்டாம்: பத்துக்குப் பத்து அடி அறையில், கிராப் சென்சாரில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) அதைப் போட்டால் இருவரையும் ஒரே ஃபிரேமில் அடக்கப் பின்னால் நகர இடமே இருக்காது.

வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு எடுப்பவர்கள், கருவியுடன் உதவியாளரும் வருவாரா, வந்தால் அவருக்கான பேட்டா, சாப்பாடு, போக்குவரத்து யார் பொறுப்பு என்பதை முன்பே பேசிவிடுங்கள். கடையை விட்டுக் கிளம்புமுன் எல்லாவற்றையும் இணைத்து, சில நிமிடங்கள் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டபடி மைக் கேபிளின் இரு முனைகளையும் அசைத்துப் பாருங்கள். கரகரப்பு கேட்டால் அங்கேயே வேறு கேபிள் வாங்கிக்கொள்ளலாம்.